அம்மாவுக்கு நான் சாம்பிள்

எங்கள் அம்மா மெதுவாகப் பேசி, என் பத்து வயது வரைக்கும் நான் கேட்டதில்லை. உப்பை எடுத்து வா என்பதையும் வீடு பற்றிக்கொண்டது என்பதையும் ஒரே அளவில்தான் சொல்வாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தையல் பிரிவில் அவள் லைன் சூப்பர்வைசர். ஒரே கூரைக்குக் கீழே நூறு மிஷினுக்கு மேல் ஓடும் ஹால் அது. பக்கத்தில் நிற்பவளிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். லைனின் கடைசியில் உட்கார்ந்திருப்பவளிடம் பேசுவதென்றால் சொல்லவே வேண்டாம். நாள் முழுக்க அப்படிப் பேசிவிட்டு வருகிறவளுக்கு, வாசலில் செருப்பைக் கழற்றும்போது குரலையும் கழற்றி வைக்கத் தெரியவில்லை.

சாயங்காலம் ஆறரைக்குக் கம்பெனி பஸ் அவளை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். தெருமுனையில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே நின்று "பாப்பா!" என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுவாள். தெருவின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் விளையாடிக்கொண்டிருப்போம். நான் ஓடிப்போய் அவள் கையிலிருக்கும் பையை வாங்கிக்கொள்ள வேண்டும். கூட விளையாடும் பெண்கள், "உங்க ஊட்டு சைரன் ஊதிட்சிடி, ஓடு" என்பார்கள். எனக்கு மானம் போகும். மற்ற அம்மாக்கள் எல்லாம் நடந்து வந்து, பிள்ளையின் தோளைத் தொட்டு அழைத்துக்கொண்டு போகிறார்கள், இவளுக்கு மட்டும் என்ன கேடு என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் சொல்லியும் பார்த்தேன். அம்மா சிரித்தாள்.

"காலு ஓஞ்சி போயி வர்றேன் பாப்பா. தொண்ட ஒண்ணுதான் தெம்பா கீது."

அந்தத் தொண்டை நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில் கட்டிக்கொண்டது. முதலில் சளி என்றார்கள். பக்கத்து வீட்டுக் காலா, அதாவது எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த உருது பேசும் அத்தை, மிளகும் தேனும் குழைத்துக் கொடுத்து அனுப்பினார். சளி போன பிறகும் குரல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் கொஞ்சம் தேறும். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் மறுபடி கரகரக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் வெறும் காற்றுதான். சர்ச்சில் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுகிறவள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்பா ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவளை வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்களாம். தொண்டைக்குள் இரண்டு பக்கமும் அரிசி நுனி அளவுக்குத் தடித்திருக்கிறது. கத்திரிக்கோல் பிடிக்கும் விரலில் காய்ப்பு காய்ப்பது போலக் கத்திக் கத்திக் குரலிலும் காய்த்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அம்மா தன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது.

கத்துவதைக் குறைக்க வேண்டும், வாரம் ஒரு முறை வந்து குரல் பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆபரேஷன் வரைக்கும் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். வாரம் ஒரு லீவு எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது. விஷயத்தை அங்கே சொல்லவும் அவளுக்குப் பயம். ஒன்பது வருஷம் மிஷினில் குனிந்து உட்கார்ந்திருந்து, பிறகுதான் நிமிர்ந்து நிற்கிற வேலைக்கு வந்திருந்தாள். கூப்பிட்டால் காதில் விழாத சூப்பர்வைசரை யார் வைத்துக்கொள்வார்கள்? குரல் போனால் அந்த இடம் போகும். இதை அவள் எங்களிடம் மறைக்கவில்லை. இரண்டு மூன்று முறை சொன்னாள், ஒவ்வொரு முறையும் ஏதோ அடுத்த வீட்டு விஷயம் போல.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மேடம்தான் ஒரு வழி சொல்லியிருக்கிறார். இந்தப் பயிற்சிகளில் பாதி, பாட்டு கற்பவர்கள் ஆரம்பத்தில் செய்கிறவைதான். உங்கள் ஊரில் நல்ல பாட்டு டீச்சர் இருந்தால் அவரிடமே போகலாம் என்று. ஸ்டேஷன் பக்கம் ஒரு பாட்டு மிஸ் இருந்தார். அவருடைய வகுப்பு சனிக்கிழமை நாலு மணிக்கு. அம்மாவுக்கு அந்த நேரம் ஷிஃப்ட். தவிரவும், நாற்பது பேரை வேலை வாங்குகிற பொம்பளை சின்னப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து பாடுவதா என்ற கூச்சம். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளே முடிவு சொன்னாள்.

"பாப்பா போவட்டும். கத்துக்கினு வந்து எனக்குக் காமிக்கட்டும்."

எனக்கு நல்ல குரல் என்பதால்தான் என்னைச் சேர்த்தார்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மிஸ் வீட்டு முன்னறையில் நாங்கள் ஐந்தாறு பேர். ஆறு வயதில் இரட்டைப் பெண்கள் இரண்டு, மீசை அரும்பிய ஒரு அண்ணன், சர்ச் கொயரில் பாடும் வழுக்கைத் தலைத் தாத்தா ஒருவர், நான், இன்னும் யாரோ. மிஸ் எல்லோருக்கும் ஒரே பாட்டைச் சொல்லிக்கொடுக்க மாட்டார். சின்னதுகள் இரண்டும் உச்சத்துக்குப் போய்க் கீச்சிட்டால், "இவ்ளோ வேணாம், அம்மா கிட்ட கதை சொல்ற சத்தத்துல பாடுங்க" என்பார். அண்ணனுக்குக் குரல் உடைந்துகொண்டிருந்தது. ஒரே வரியில் ஆணும் பெண்ணுமாக மாறி மாறி வரும். நாங்கள் சிரிப்போம். மிஸ் எங்களை முறைத்துவிட்டு, மேலே போகாதே, கீழேயே முணுமுணு, ஒரு வருஷம் போனால் தானே ஒரு இடத்தில் வந்து நிற்கும் என்று அவனிடம் சொல்வார். தாத்தாவுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீரும் ஓய்வும். வயசான தொண்டை சீக்கிரம் காய்ந்துபோகுமாம்.

எனக்கு மிஸ் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "செருமாதே."

எனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், மைக்குக்கு முன்னால் நிற்கும் பெரிய மனிதர்களிடமிருந்து. பாட வருகிறவர், பேச வருகிறவர், கல்யாணத்தில் மொய் படிக்கிறவர் எல்லாரும் முதலில் உக்கும் என்று ஒரு செருமல் செருமுவார்கள். அதைச் செய்தால்தான் பாட்டுக்காரி என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு தடவை போதாது என்று மூன்று தடவை செய்வேன். "உள்ளே இருக்கிற ரெண்டு கதவையும் டமால்னு அடிச்சுச் சாத்துற மாதிரிம்மா அது. எச்சி முழுங்கு, இல்ல ஒரு வாய் தண்ணி குடி" என்று மிஸ் முதல் வகுப்பிலேயே சொன்னார். இரண்டாவது வகுப்பிலும் சொன்னார். நான் தலையாட்டினேன். அடுத்த வாரமும் அப்படியே செருமினேன்.

இனி அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த கதை. அதற்கு முன் சாம்பிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் புது மாடல் ஏறும்போது, வாங்குகிறவர்கள் ஒப்புக்கொண்ட ஒரு ஜோடி, சீல் போட்டு லைனில் தொங்கும். அதைப் பார்த்து அப்படியே தைக்க வேண்டும். அம்மா சூப்பர்வைசராகி முதல் வருஷம், அப்படி வந்த சாம்பிளில் வார் ஓரத்தில் ஒரு தையல் அதிகமாக இருந்திருக்கிறது. யாரோ தெரியாமல் விட்டது என்று நினைத்து, தன் லைனில் அதைத் திருத்திவிட்டாள். போன சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. அன்று அவள் வாங்கிய திட்டு சாகும் வரைக்கும் மறக்காது. அதிலிருந்து அவளுக்கு ஒரே வேதம்தான். சாம்பிள்ல இன்னா கீதோ அதுதான். நம்ம புத்தியக் காட்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் என் எதிரில் சம்மணம் போட்டு உட்காருவாள். என் வாயையும் கழுத்தையும் கண் கொட்டாமல் பார்ப்பாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததே கிடையாது. பரீட்சை மார்க் ஷீட்டைக்கூட ஒரு நொடியில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, உக்கும் உக்கும் உக்கும் என்று செருமிவிட்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்பேன். அம்மாவும் நிமிர்ந்து உட்கார்ந்து, உக்கும் உக்கும் உக்கும் என்று செருமிவிட்டு "ம்ம்ம்" என்பாள். நான் மூன்று என்றால் மூன்று. ஒரு தடவை இருமல் வந்து நாலாகிவிட்டது. அவளும் நாலு செருமினாள்.

எனக்குத் தெரியாமல் இல்லை. இது தப்பு, மிஸ் வேண்டாம் என்றது என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் நான் தப்பாகச் செய்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்னைச் சீல் போட்ட சாம்பிளைப் போல ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தச் சாம்பிளே கோணல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம். ஒவ்வொரு "ம்ம்ம்"முக்கும் முன்னால் மூன்று செருமல். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு "ஊ" என்று ஊதும் பயிற்சிக்கு முன்னாலும் மூன்று. அந்தக் கொப்புளச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் காலா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா பேட்டா, உங்கம்மா இவ்ளோ காலையிலயா பிரியாணிக்கு ஒல வெச்சிக்கிறா?" என்று என்னைக் கேட்டார். கம்பெனி பஸ்ஸிலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு செய்கிறாள் என்று தெரிந்தது. ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. குரல் தேறவில்லை. கரகரப்பு அதிகமாகியிருந்தது. நான்தான் ஒழுங்காச் செய்யலியோ என்று அம்மா தன்னையே கேட்டுக்கொண்டு இன்னும் ஐந்து நிமிஷம் கூட்டினாள்.

காலாண்டு லீவில் மறுபடி வேலூர் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பயிற்சி மேடம், வீட்டில் செய்வதைச் செய்து காட்டச் சொன்னார். அம்மா நாற்காலி நுனிக்கு வந்து, முதுகை நிமிர்த்தி, உக்கும் உக்கும் உக்கும் என்று ஆரம்பித்தாள். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது எதுக்கும்மா? செருமுனா இன்னும் வீங்குமே. யாரு சொல்லிக்குடுத்தது?"

"பாட்டு மிஸ்ஸுங்க மேடம். பாப்பா கத்துக்கினு வந்து காமிச்சா. அப்படியே செய்றேன், ஒண்ணும் மாத்தல" என்றாள் அம்மா. அந்தக் கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மேடம் உதட்டைப் பிதுக்கி, அந்த டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை போல என்றார். நான் சுவரில் மாட்டியிருந்த தொண்டைப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். திறக்கவில்லை.

தடிப்பு பெரிதாகியிருந்தது. அக்டோபரில் ஆபரேஷன் செய்தார்கள். கத்தி பட்ட அடையாளம் வெளியே ஒன்றும் தெரியவில்லை, அதுவே எனக்குப் பெரிய ஏமாற்றம். இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, ரகசியம்கூடப் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மருத்துவ விடுப்பில் அம்மா வீட்டில் இருந்தாள். லைனைப் பார்த்துக்கொள்ள வேறொரு அக்காவை நிறுத்தியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டு எழுந்துபோய், ஏற்கனவே துவைத்த துணியை மறுபடி துவைத்தாள்.

அந்தச் சனிக்கிழமைதான் முதல்முறையாக அவளுக்கு நாலு மணிக்கு வேலை இல்லை. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். நான் எட்டிப் படித்தேன். மிஸ், நீங்க செருமச் சொல்லிக் குடுத்தது தப்புன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க, என் தொண்டை போச்சு, வேலையும் போவும் போல இருக்கு, மத்த புள்ளைங்களுக்காவது இத சொல்லிக் குடுக்காதீங்க. அவ்வளவுதான். நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் செருப்பைக் காட்டினாள்.

வகுப்பு முடிந்ததும் கொடுக்கலாம் என்று கதவோரம் உட்கார்ந்தாள். மிஸ் அவளைப் பார்த்துச் சிரித்து, பேசக் கூடாது என்பதைச் சைகையில் புரிந்துகொண்டு, தண்ணீர் கொடுத்தார். இன்றைக்கு மட்டும் செருமவே கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று நினைக்க நினைக்கத் தொண்டையில் எறும்பு ஊர்ந்தது. எச்சிலை முழுங்கினேன். தண்ணீர் குடித்தேன். இரட்டையர் பாடி முடித்தார்கள், அண்ணன் முடித்தான், என் முறை வந்தது.

உக்கும் உக்கும் உக்கும்.

"ஜூன் மாசத்துலேர்ந்து தலபாடா அடிச்சுக்கிறேன், கேக்க மாட்டியா நீ?" என்று மிஸ் தொடையைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். அம்மா பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்கம்மா. செருமாதே, தொண்ட கெட்டுடும்னு வாரா வாரம் சொல்றேன். வீட்ல வந்து சொல்றாளா, இல்லியா?" என்றார்.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. தாள் கசங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதை அவள் மிஸ்ஸிடம் கொடுக்கவில்லை. வகுப்பு முடிந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் பேச்சில்லை. அவள் பேச முடியாது என்பது எனக்கு மறந்தே போயிற்று. இந்த மௌனம் எனக்கானது என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குள் போனதும் கம்பெனிப் பையைத் துழாவி, சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். லைனில் ஒரு பீஸில் குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டி இந்த அம்பை ஒட்டுவார்கள். அம்பு ஒட்டினால் ரிப்பேருக்குப் போகும். தேறாது என்றால் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டு ஓரமாகத் தூக்கிப் போடுவார்கள். அம்மா ஒரு அம்பை உரித்து என் கழுத்தில், தொண்டைக்கு நேராக ஒட்டினாள். அடி விழுந்திருந்தால் அப்படி அழுதிருக்க மாட்டேன். மூக்கு ஒழுக, ஏங்கி ஏங்கி, நான்தான் சொல்லவில்லை, நான்தான் சொல்லவில்லை என்று அழுதேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு அம்பை உரித்துத் தன் கழுத்தில் ஒட்டிக்கொண்டாள்.

அப்பா வேலையிலிருந்து வந்து எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இன்னா இது, ஆத்தாளும் மவளும் ஒட்டிக்கினு உக்காந்துகிறீங்க?"

எனக்கு விக்கல் வந்துவிட்டது.

செருமலால் மட்டும் அது கெடவில்லை, ஐந்தாறு வருஷக் கத்தல்தான் காரணம், எப்படியும் ஆபரேஷன் வந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னாராம். அதை நான் அன்றும் பாதிதான் நம்பினேன், இன்றும் பாதிதான் நம்புகிறேன். இப்போது நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நாள் முழுக்கப் பேச வேண்டும். காலையில் டம்ளரில் ஸ்ட்ராவை விட்டு ஊதாமல் கிளம்புவதில்லை. தொண்டை அரித்தால் எச்சிலை முழுங்குவேன். செருமிக்கொண்டு எழுந்து பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கோபம் வரும். காரணம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்து அம்மா பேசத் தொடங்கினாள். கரகரப்பு போயிருந்தது. தாழ்ந்த, மெத்தென்ற ஒரு குரல் வந்தது. எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. சர்ச்சில் அவள் பாடினால் பக்கத்தில் நிற்கும் எனக்கு மட்டும் கேட்கும். கம்பெனியில் அவளை மறுபடி மிஷினில் உட்கார வைத்தார்கள். "நின்னு நின்னு காலு வலிச்சது, இப்ப நிம்மதி" என்று அப்பாவிடம் சொன்னாள். நான் அதையும் அப்படியே நம்பினேன். புதுக்குரல் கொஞ்ச நாளைக்குத்தான், காயம் ஆறி கிறிஸ்துமஸுக்குள் பழைய குரல் வந்துவிடும் என்று நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சாயங்காலம், தொட்டிப் பக்கம் விளையாடிக்கொண்டே தெருமுனையில் ஒரு காது வைத்திருந்தேன். இன்றைக்குக் கூப்பிட்டவுடன், யார் சிரித்தாலும் சரி, ஒரே ஓட்டமாக ஓடிப்போய்ப் பையை வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். பஸ் வந்து போகிற சத்தம் கேட்டது. கூப்பாடு வரவில்லை. நான் மறுபடி பாண்டிக் கட்டத்துக்குள் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் யாரோ தோளைத் தொட்டார்கள். அம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் பையோடு, தெரு முழுக்க நடந்து வந்த மூச்சிரைப்போடு.

"ஏம்மா கூப்புடல?" என்று கேட்டேன்.

"கூப்ட்டேன் பாப்பா" என்றாள்.

விளையாட்டு மும்முரத்தில் என் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினேன்.